மூத்தவள் சொன்ன சாப்ட்வேர்

அந்த நாற்காலி வேண்டாம் அக்கா, அதற்கு ஒரு கால் ஆடும். இப்படி பெஞ்சுக்கு வாருங்கள். பையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேஜையில் வைத்தீர்களோ, இந்தக் குமரேசன் என்ன ஏது என்று கேட்காமல் ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்துவிடுவான். அவன் காதில் விழுமே என்று பார்க்கிறீர்களா? விழட்டும். விழத்தான் சத்தமாகச் சொல்கிறேன்.

"ஏனுங்க்கா, காலங்காத்தால நான் என்ன பண்ணேன்?"

கேட்டீர்களா? மேஜைக்கு அடியில் ஒயருக்கு நடுவே படுத்துக்கொண்டு கேட்கிறான், என்ன பண்ணினானாம். நீ பண்ணினதைத்தான் இந்த அக்காவுக்குச் சொல்லப் போகிறேன். நீ உன் வேலையைப் பார்.

உங்களுக்கு என்ன வேலை அக்கா? ஓ, மகளிர் குழுவா. பையன் வேலைக்குப் போய்ப் புதுசு வாங்கிக்கொண்டான், பழசை உங்கள் தலையில் கட்டிவிட்டான். தீர்மானம் அடிக்க வேண்டும், பேங்குக்குக் கடிதம் அடிக்க வேண்டும், கையைக் கடிக்காமல் ஒரு சாப்ட்வேர் வேண்டும். அவ்வளவுதானே? நல்ல வேளை, அவனிடம் கேட்பதற்கு முன்னால் என்னிடம் மாட்டினீர்கள். இதே கேள்வியோடு ஐப்பசி மாதம் இதே பெஞ்சில் உட்கார்ந்து, நான் பட்ட பாடு நாய் படாது.

நான் சுகந்தி. வெள்ளகோவில் பக்கம். பன்னிரண்டு வரைக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம்தான், அதற்கு மேல் டைப்ரைட்டிங் மட்டும் ஹையர் முடித்தேன். பாப்பாவுக்கு நாலு வயசு. அவளைப் பால்வாடியில் விட்டுவிட்டு, டவுனில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கேள்வித்தாள் அடித்துக் கொடுக்கிறேன். டீச்சர்கள் கையால் எழுதிக் கொடுப்பார்கள், நான் அடித்து பென் டிரைவில் போட்டுக் கொடுப்பேன். என் சொந்தச் சம்பாத்தியம் அக்கா இது. பாப்பாவுக்கு ஒரு கவுன் எடுத்தால்கூட யாரையும் கேட்க வேண்டியதில்லை. வீட்டில் ஏற்கனவே ஒரு லேப்டாப் உண்டு, ஆனால் அது அவருடைய ஆபீஸ் லேப்டாப். அதை எடுத்துக்கொண்டு அவர் நூல் வியாபாரம் பேச சூரத்துக்கும் பிவண்டிக்கும் போய்விடுவார். அவர் ஊரில் இருந்தால் வேலை நடக்கும், இல்லையென்றால் நடக்காது. அதனால்தான் எனக்கென்று ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கினோம். உள்ளே ஒன்றும் கிடையாது. காலி வீடு மாதிரி.

சரி, என்ன சாப்ட்வேர் போடலாம்? காசு கட்டி வாங்குவது ஒன்று. ஒரு தடவை கட்டினால் போதும் என்று நினைத்தேன். இல்லையாம், வருஷா வருஷம் கட்ட வேண்டுமாம். ஒரு மூட்டை பொன்னி அரிசி விலை! அரிசியாவது பொங்கித் தின்னலாம். நெட்டிலேயே அடிக்கிற மாதிரி ஒன்று இருக்கிறது, அதற்குக் காசு வேண்டாம். ஆனால் எங்கள் வீட்டில் நெட் சிக்னல் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் கிடைக்கும். தொட்டி மேல் உட்கார்ந்தா கேள்வித்தாள் அடிப்பேன்? இன்னொன்று, முழுக்க இலவசம். ஒரு தடவை இறக்கிக்கொண்டால் நெட்டும் வேண்டாம், காசும் வேண்டாம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். தமிழும் அழகாக வரும்.

அப்புறம் அதைப் போடுவதற்கென்ன என்று கேட்கிறீர்கள். அதைச் சொன்னது யார் என்று கேளுங்கள்.

எங்கள் மூத்தவள். அவருடைய அண்ணன் பெண்டாட்டி, வினோதினி. அடுத்த வீதியில்தான் வீடு. கோயம்புத்தூரில் காலேஜ் படித்தவள், கணக்குப் பாடம். இப்போது ஒரு மில்லில் ஆபீஸ் வேலை. அவளோடு எனக்குப் பேச்சு இல்லை அக்கா. ஆவணி மாதத்திலிருந்து இல்லை.

என்ன சண்டையா? பாப்பாவுக்குக் காதுகுத்து வைத்தோம். பத்திரிகையை நானே அடித்தேன். முந்நூறு பத்திரிகை, மஞ்சள் அட்டை, பிள்ளையார் படம் எல்லாம் போட்டு. ஒரே ஒரு இடத்தில், வெள்ளிக்கிழமை என்று போடுவதற்குப் பதில் வியாழக்கிழமை என்று விழுந்துவிட்டது. தேதி சரிதான். கிழமைதான் தப்பு. மனுஷருக்குத் தப்பு வராதா? வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்து பத்திரிகைக்கு மஞ்சள் வைக்கிறோம், இவள் வந்து ஒன்றைக் கையில் எடுத்தாள். "சுகந்தி, கிழமை மாறியிருக்குதே" என்றாள். அத்தனை பேர் முன்னால்! தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் வாய் வலிக்குமா? சரி, சொன்னாள், அதோடு விட்டாளா? பேனாவை எடுத்து உட்கார்ந்து முந்நூறு பத்திரிகையிலும் கிழமையை அடித்து அடித்துத் திருத்தினாள். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. முந்நூறிலும் அவள் கையெழுத்து அக்கா! போகிற வீடெல்லாம் தெரியட்டும் என்றுதானே?

அன்றைக்கு வாயை மூடியவள்தான் நான். அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் எங்கள் அத்தையிடம் சொல்வேன். மாமியார் என்று ஒருத்தர் எதற்கு இருக்கிறார்? மூன்று பேரும் ஒரே வாசல் திண்டில் உட்கார்ந்திருப்போம். "அத்தை, உளுந்து ஊற வெச்சாச்சான்னு அவங்களைக் கேளுங்க" என்பேன். அவளும் "ஊற வெச்சாச்சுன்னு சொல்லுங்க அத்தை" என்பாள். அத்தை தலையில் அடித்துக்கொண்டு, "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன போஸ்ட்டுமேனா?" என்பார். எங்கள் பக்கம் இதெல்லாம் சகஜம். என் சின்னம்மாவும் அவர் ஓரகத்தியும் பதினோரு வருஷம் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள். ஒரு வார்த்தை கிடையாது. குடத்தை மட்டும் ஒருவருக்கொருவர் தூக்கி விடுவார்கள்.

லேப்டாப் வாங்கின மறுநாள் அத்தை வந்தார். "சின்னவளே, காசு குடுத்து எதையும் வாங்கிப் போட வேணாமாம். சும்மா குடுக்கறது ஒண்ணு இருக்குதாம், அதே போதுமாம். மூத்தவ சொன்னா."

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள். சும்மா கொடுப்பதாம்! அவள் மில்லில் மட்டும் காசு கொடுத்து வாங்கினது போட்டிருக்கும், எனக்கு இலவசமா? "எனக்கொண்ணும் தர்ம சாப்பாடு வேணாம்னு சொல்லுங்க" என்றேன். அவள் எது சொல்கிறாளோ அது நமக்கு ஆகாது. இதுதான் அக்கா என் கணக்கு. இதில் நான் ஏமாந்ததே இல்லை.

நேராக இவனிடம் வந்தேன். "குமரேசா, காசு கட்டுற அதே சாப்ட்வேர் எனக்கு வேணும், ஆனா அவ்வளவு காசு கட்ட முடியாது" என்றேன்.

"அதுக்கென்னங்க்கா, கிராக் போட்டுத் தர்றேன். முந்நூறு ரூபா. ஆயுசுக்கும் ஓடும்" என்றான் அன்றைக்கு.

"ஆயுசுக்கும்னு நான் சொல்லலீங்க்கா!"

சொன்னாய். இதே பெஞ்சு, இதே மேஜை. பாப்பா உன் கீபோர்டில் பிஸ்கட் போட்டாளே, அன்றைக்குத்தான் சொன்னாய். எழுந்து வந்து வாதாடாதே, நீ அடியிலேயே கிட.

போட்டுக் கொடுத்தான். திருட்டுக் காப்பிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பார்க்க அசல் மாதிரியே இருந்தது அக்கா. வீட்டுக்குப் போனதும் அத்தை வருகிற நேரமாகப் பார்த்துத் திறந்து வைத்தேன். "அசல் சாப்ட்வேருன்னு போய்ச் சொல்லுங்க" என்றேன். போய்ச் சொன்னார். அதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "பைலையெல்லாம் பென் டிரைவுல இன்னொரு காப்பி எடுத்து வெச்சுக்கச் சொல்லுங்க அத்தை." வயிற்றெரிச்சல்! வேறென்ன?

கார்த்திகை போயிற்று. மார்கழி வந்தது. அரைப்பரீட்சை திங்கட்கிழமை ஆரம்பம். வெள்ளிக்கிழமை மத்தியானம், பதினெட்டுக் கேள்வித்தாளில் பதினாலு முடித்து வைத்திருக்கிறேன். சாயங்காலம் முடித்துவிட்டால் சனிக்கிழமை கொடுத்துவிடலாம். பாப்பா தூங்குகிறாள். திறக்கிறேன், மேலே சிவப்பாக ஒரு பட்டை. என்னென்னவோ இங்கிலீஷ். எழுத்தைப் பார்க்கலாம், தட்ட முடியாது. திருத்த முடியாது. சேவ் ஆகாது. அணைத்துப் போட்டேன், அதே பட்டை. பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டு போட்டேன், அதே பட்டை.

இவனுக்குப் போன் அடிக்கிறேன், எடுக்கவில்லை. வண்டி பிடித்து வந்து பார்த்தால் கடை பூட்டியிருக்கிறது. ஐயப்பன் படம் போட்டு ஒரு அட்டை. "மலைக்குச் சென்றிருக்கிறோம்." எனக்குக் கிராக்கைப் போட்டுவிட்டு இவன் இருமுடி கட்டிக்கொண்டு போயிருக்கிறான்! சிரிக்காதீர்கள் அக்கா. அன்றைக்கு நான் அந்த ஷட்டரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் சூரத்தில். பென் டிரைவில் காப்பி எடுத்தாயா என்று கேட்காதீர்கள். அவள் சொல்லி நான் எடுப்பேனா?

அந்தப் பள்ளிக்கூட மேடம் இருக்கிறாரே, அவரிடம் ஒரு தடவை பேர் கெட்டால் அவ்வளவுதான். முதலிலேயே சொல்லிவிட்டார், "சுகந்தி, ஒரு நாள் தள்ளினாலும் வேற ஆளைப் பாத்துக்குவேன். அப்புறம், கேள்வித்தாள் உன் கையை விட்டு வேற கைக்குப் போகக் கூடாது." நான் வீட்டுக்கு வந்து லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். பாப்பா எழுந்து பால் கேட்கிறாள், எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அத்தை வந்து பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை அக்கா, லேப்டாப்பையும் பக்கத்தில் கிடந்த டீச்சர்களின் கையெழுத்துத் தாள்களையும் எடுத்துத் துணிப்பையில் போட்டார், தக்காளிக்கு மேலே! அடுத்த வீதிக்கு நடந்துவிட்டார். நான் தடுக்கவில்லையா என்று பார்க்கிறீர்கள். எழுந்திருக்கத்தான் முடியவில்லை என்றேனே.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு லேப்டாப் திரும்பி வந்தது. பையில் கூடவே ஒரு டப்பா தேங்காய்ச் சட்னி. திறந்து பார்க்கிறேன், அந்த இலவசச் சாப்ட்வேர் உட்கார்ந்திருக்கிறது. பதினாலு கேள்வித்தாளும் அப்படியே, ஒரு புள்ளி குறையாமல் திறக்கிறது. மிச்சம் நாலும் அடித்து வைத்திருக்கிறது. கையெழுத்துத் தாளெல்லாம் பையிலேயேதான் இருந்தது, அதைப் பார்த்து அடித்திருக்கிறாள்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கணக்குத் தாளை நான் எப்படி அடிப்பேன் என்றால், பின்னம் வருகிற இடம், வர்க்கமூலம் வருகிற இடமெல்லாம் காலியாக விட்டுவிடுவேன். ஜெராக்ஸ் எடுக்கும் முன்னால் டீச்சர் பேனாவால் எழுதிக்கொள்வார். எல்லா இடத்திலும் அப்படித்தான். இவள், ஏழாவது கணக்கில் அத்தனை பின்னத்தையும் மேலே ஒன்று கீழே ஒன்று கோடு போட்டு, அச்சடித்த புத்தகம் மாதிரி செய்து வைத்திருக்கிறாள். யார் கேட்டார்கள்? எனக்குத் தெரியாததைத் தனக்குத் தெரியும் என்று காட்டத்தானே? முந்நூறு பத்திரிகையில் செய்தாள் பாருங்கள், அதே புத்தி.

ஒன்றைச் சொல்ல மறந்தேன். டெஸ்க்டாப்பில் புதிதாக ஒரு பைல், "சுகந்திக்கு" என்று பேர் போட்டு. நான் திறக்கவே இல்லை. அவள் எனக்கு எழுதின உபதேசத்தை நான் ஏன் படிக்க வேண்டும்? அழிக்கவும் இல்லை. அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பென் டிரைவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை மேடம் போன் பண்ணுகிறார். "ஏம்மா, ஏழாவது கணக்கு யாரு போட்டது? பப்ளிக் பரீட்சைத் தாள் மாதிரி இருக்குது!"

வேறு கை பட்டது என்று சொன்னால் வேலை போய்விடும் அல்லவா? அதனால், "நான்தான் மேடம்" என்றேன். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். இல்லையா? சரி, விடுங்கள்.

இப்போது என்ன ஆச்சு தெரியுமா? மாசி மாதம் திருப்புதல் தேர்வு. ஆறாவதிலிருந்து பத்தாவது வரைக்கும் எல்லாக் கணக்கும் அதே மாதிரி வேண்டுமாம். "பேனாவே தொடக் கூடாது சுகந்தி, உனக்குத்தான் தெரியுமே" என்கிறார். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். இன்றைக்குச் சனிக்கிழமை. எனக்கு ஒரே ஒரு அரையைக்கூடப் போடத் தெரியவில்லை அக்கா. ஒன்று போட்டுச் சாய்கோடு போட்டு இரண்டு போட்டேன், பாப்பா வந்து, "அம்மா, அது சறுக்குமரமா?" என்கிறாள்.

அதற்குத்தான் இவனிடம் வந்தேன். இவன் ஒரு மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "யாரு போட்டாங்களோ அவங்களையே கேளுங்க்கா" என்கிறான். இதைச் சொல்வதற்கு ஒரு கடை, ஒரு போர்டு, ஒரு ஊதுபத்தி!

என்ன கேட்டீர்கள்? இலவசச் சாப்ட்வேர் எப்படியா? நல்லாத்தான் இருக்கிறது. பொய் சொல்லக் கூடாது. மார்கழியிலிருந்து ஒரு நாள் மக்கர் பண்ணியதில்லை. முதலில் ஒரு வாரம் பட்டன் எல்லாம் இடம் மாறி இருக்கிற மாதிரி தோன்றும், அப்புறம் கை பழகிவிடும். சேவ் பண்ணும்போது மட்டும், இந்த மாதிரி வைக்கட்டுமா அந்த மாதிரி வைக்கட்டுமா என்று கேட்கும் என்கிறார்கள். மற்றவர்கள் லேப்டாப்பிலும் திறக்கிற மாதிரி கொடுத்துவிட வேண்டும். என்னிடம் அது கேட்பதே இல்லை. அவள் ஏதோ மாற்றி வைத்திருப்பாள் போலிருக்கிறது. உங்கள் தீர்மானத்துக்கும் பேங்குக் கடிதத்துக்கும் அது தாராளம். அதையே போடுங்கள். இவன் கிராக் என்று வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுங்கள். நானாகத் தேடிக் கண்டுபிடித்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மூத்தவள் பேர் எதற்கு நடுவில்?

அக்கா, ஒரு உதவி. உங்கள் போனைக் கொஞ்சம் எடுங்கள். என் நம்பரைப் பார்த்தால் வந்து கெஞ்சுகிறாள் என்று நினைத்துக்கொள்வாள். நீங்கள் கேளுங்கள். மில் ஆபீஸில் நம்பர் கொடுத்தார்கள் என்று சொல்லி, இலவசச் சாப்ட்வேரில் பின்னம் எப்படிப் போடுவது என்று மட்டும் கேளுங்கள். யாரோ ஒரு மகளிர் குழு என்று சொல்லுங்கள். உண்மைதானே, நீங்கள் மகளிர் குழுதானே? நம்பர் நான் சொல்கிறேன், அடியுங்கள். புத்தகமெல்லாம் எதற்கு, மனப்பாடமாகத் தெரியும். எப்படியோ ஒட்டிக்கொண்டது, போக மாட்டேன் என்கிறது. ஸ்பீக்கரில் போடுங்கள். குமரேசா, அந்த ஃபேனை நிறுத்து.

மணி அடிக்கிறது. பேசுங்கள், பேசுங்கள்.

"அப்படீங்களா. மகளிர் குழுவுக்கு எதுக்குங்க பின்னம்?"

ஏதாவது சொல்லுங்கள் அக்கா! வட்டி என்று சொல்லுங்கள்!

"சரிங்க. சுகந்தி பக்கத்துலதானே உக்காந்திருக்கா?"

ஐயோ.

"அவகிட்டச் சொல்லுங்க. டெஸ்க்டாப்புல அவ பேர்ல ஒரு பைல் வெச்சிருக்கேன். மூணாவது பக்கத்துலருந்து பின்னந்தான், அஞ்சாவது பக்கம் வர்க்கமூலம். ஒவ்வொண்ணுக்கும் எங்க அமுக்கணும்னு படம் புடிச்சுப் போட்டிருக்கேன். அப்புறம் ஒண்ணு. அத்தை கோயில்ல அந்த மேடத்தைப் பாத்து, எங்க மூத்தவ போட்டதுன்னு பீத்திக்கப் போயிட்டாங்க. நான் அந்தத் தாளைக் கண்ணுலகூடப் பாக்கலை, அது சுகந்தி வேலைன்னு சொல்லிட்டேன். அவளைப் பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க. பாப்பாவுக்குச் சளி விட்டிருச்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

பார்த்தீர்களா திமிரை? நான் பயந்தேனாம்! இரண்டு மாதமாக நான் அதைத் திறக்கவில்லை என்றுகூடத் தெரிந்து வைத்திருக்கிறாள். என்ன ஜென்மமோ.

போனை என்னிடம் நீட்டாதீர்கள் அக்கா. நான் வாங்க மாட்டேன். நீங்களே சொல்லுங்கள். சளி விட்டுவிட்டது. விடியற்காலையில் மட்டும் கொஞ்சம் இருமுகிறாள். அதற்கு என்ன கொடுக்கலாம் என்று கேளுங்கள்.

நான் கேட்டதாகச் சொல்லாதீர்கள்.